ஆறடி தள்ளி

நெஞ்சுப் படபடப்பும் கை நடுக்கமும் தைராய்டினால் என்று சொல்லி, பாவாத்தாளுக்குக் கதிரியக்க அயோடின் மாத்திரை கொடுத்திருந்தார்கள். அன்றிலிருந்து கருமத்தம்பட்டி வீட்டின் பின்னறைதான். தனித் தட்டு, தனி டம்ளர். கர்ப்பிணிகளிடம் இருபத்தொரு நாள் ஆறடி தள்ளியே இருக்கணும் என்றார் டாக்டர். மகள் பொற்கொடிக்கு ஏழு மாதம்.

இருபத்திமூன்றாம் நாள் வளைகாப்பு. முன்னறையில் பெண்கள் கூடிவிட்டார்கள். பொற்கொடி பட்டுச்சேலையோடு பின்னறை வாசலில் வந்து நின்றாள்.

"ஏம்மா, இன்னும் உள்ளயே உக்காந்திருக்கற?"

"தள்ளி நில்லு கண்ணு. மருந்து ஒடம்புல இருக்குமல்லோ."

"கெடு முடிஞ்சு ரெண்டு நாளாச்சு. நேத்து ஆசுபத்திரிக்குப் போன் பண்ணுனேன். தாராளமா பக்கத்துல போலாமுங்கன்னாங்க."

"அவங்களுக்கென்ன, சொல்லிப்போட்டுப் போயிருவாங்க."

"காலைல புளிச்சோறு உன் கையாலதான பெசஞ்ச? அதை மட்டும் நான் திங்கலாமா?"

பாவாத்தாள் மஞ்சள் ஏறிய விரல்களைப் பார்த்துக்கொண்டாள். சாக்குச் சொன்னபோது சோறு பிசைந்தது நினைவுக்கு வரவில்லை.

"உங்கப்பன் போயி நாலு வருசமாச்சு அம்மணி. பொட்டில்லாதவ வளையல் போட வந்தா நாலு பேரு பாப்பாங்க. டாக்டரு சொன்னாருன்னா ஏன் வரலேன்னு ஒருத்தரும் கேக்கமாட்டாங்க."

"நல்ல சாக்குத்தான்."

பொற்கொடி வயிற்றைப் பிடித்தபடி மெல்ல அம்மாவின் கட்டிலிலேயே உட்கார்ந்தாள்.

"அப்ப நானும் இங்கயே இருந்துக்கறேன்."

"எந்திரி சாமி. நல்ல நேரம் போவுது."

"போகட்டும்."

வளையல் தட்டோடு மாமியார் முத்தாத்தாளே வந்துவிட்டாள்.

"ஏனுங்க சம்பந்தி, புள்ளைய ஒளிச்சு வெச்சுக்கிட்டீங்களா?"

"மொத வளையல் எங்கம்மா போடோணுங்க அத்தை" என்றாள் பொற்கொடி.

முத்தாத்தாள் முன்னறைப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். அங்கே பேச்சு நின்றிருந்தது.

"ஆசுபத்திரில என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் பண்ணாதுன்னாங்க."

"அப்பறமென்னங்க சம்பந்தி, போடுங்க. அங்க இருக்கறவங்களை நான் பாத்துக்கறேன். வெரசாப் போடுங்க, எனக்கு முட்டி வலிக்குது."

தட்டைக் கட்டிலில் வைத்தாள். பாவாத்தாள் சேலைத் தலைப்பில் விரல்களைத் துடைத்துக்கொண்டு பச்சை வளையல் ஒன்றை எடுத்தாள். அது மகளின் புறங்கையைத் தாண்டாமல் நின்றது.

"கை வீங்கியிருக்குதே கண்ணு. நல்லா மடக்கு."

"மடக்கித்தான் இருக்கறேன். நீ மெதுவாவே போடு."