வண்டி சூடாகும் வரை

1

இந்தக் கதை என் பழைய காரில் பிறந்தது. இன்ஜினில் ஒரு சத்தம் வந்தது. மெக்கானிக்கிடம் போனேன். அங்கே போய்ச் சேர்ந்ததும் சத்தம் நின்றுவிட்டது. "எப்படிச் சத்தம் போட்டுச்சு சார்?" என்று கேட்டார். இத்தனை காலம் எழுத்தை நம்பிப் பிழைத்தவன், வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து, "ஒரு மாதிரி... டிக்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அது அவருடைய பெருந்தன்மை.

வீட்டுக்கு வந்து, கடவுளை வேண்டிக்கொண்டு எழுத உட்கார்ந்தேன்.

2

டிக். டிக். டிக்.

(இப்படித்தான் ஆரம்பித்தேன். வெடிகுண்டுக் கதை என்று நினைத்துவிடுவீர்கள். வேண்டாம்.)

அந்த வேனுக்கு வயதாகிவிட்டிருந்தது, அதன் இதயம்

(இன்ஜினை இதயம் என்று சொல்லும் வாக்கியத்தை நானே முடிக்க விரும்பவில்லை.)

நேராகவே சொல்கிறேன். ஒரு சலவைக்கடை. நடத்துபவர்கள் கணவனும் மனைவியும். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, மடித்து, தங்கள் பழைய வேனில் ஏற்றி, மதியத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வேன் நின்றால் ஆஸ்பத்திரி வேறு கடை பார்த்துக்கொள்ளும். இன்று காலை வேனில் சத்தம்.

மனைவியின் அண்ணன் ஒரு மெக்கானிக். வேறு ஊர். "அந்த இன்ஜின் உள்ளுக்குள்ள செத்தது, வாங்காத" என்று உறவினர் அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். அவள் வாங்கினாள். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை.

3

கணவர் மச்சானுக்குப் போன் செய்கிறார்.

(பக்கத்தில் வேறு மெக்கானிக்கே இல்லையா என்று கேட்பீர்கள். மூன்றாவது வரைவில் நானும் கேட்டேன். இருக்கிறார்கள். ஆனாலும் இவர் மச்சானைத்தான் கூப்பிட்டார். இந்த மனிதர் மேல் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. பின்னால் சொல்கிறேன்.)

"மச்சான், வண்டில ஒரு சத்தம்."

"எந்த வண்டி மாப்ள? நான் வேணாம்னு சொன்ன வண்டியா?"

"அதேதான்."

"ஆயில் பாத்தீங்களா?"

"பாத்தேன், சரியா இருக்கு."

"போனை இன்ஜின்கிட்ட வைங்க."

வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை.*

* இப்போதைய போன்கள் பேச்சை மட்டும் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடும் இரைச்சலைத் துடைத்துவிடுகின்றன. பதிவு செய்து அனுப்பலாமே என்றால், அண்ணனிடம் இருப்பது பழைய பொத்தான் போன்.

"சரி, வாயாலயே போட்டுக் காட்டுங்க."

கணவர் தொண்டையைச் செருமினார். "க்ளொக்... க்ளொக்..."

"உள்ள தவளை விழுந்துடுச்சா?"

"இருங்க மச்சான். கொர்ர்ர்... டப்."

"அது நீங்க தூங்கறப்ப வர்ற சத்தம். நான் கேட்டிருக்கேன்."

உள்ளே விரிப்பு மடித்துக்கொண்டிருந்தவளுக்குப் பொறுக்கவில்லை. "ஐயோ, அப்படியா இருக்கு அது? காதை எங்க அடகு வச்சீங்க?" என்று வந்து போனைப் பிடுங்கினாள்.

அண்ணா, என்னை மன்னிச்

(இல்லை. இவள் அப்படிச் சொல்லமாட்டாள். நான்தான் அவசரப்படுகிறேன்.)

"டிக்டிக்டிக்டிக்டிக்" என்றாள், நாக்கு நுனியை மேலண்ணத்தில் தட்டி. இத்தனை நாளுக்குப் பிறகு அண்ணனிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது.

அந்தப் பக்கத்திலிருந்து அண்ணன், "ஆக்சிலேட்டர் மிதிச்சா?"

"டிக்டிக்டிக்டிக்டிக்டிக்." வேகமாக.

"ம்."

4

என் சந்தேகம் இதுதான். ஒரு மனிதர் தினமும் ஓட்டும் வண்டியின் சத்தத்தை இவ்வளவு மோசமாகவா போட்டுக் காட்டுவார்? வேண்டுமென்றே செய்தாரோ? அவரைப் படைத்தவன் நான்; எனக்கே தெரியவில்லை. படைத்தவனுக்குத் தெரியாமல் நல்லது செய்பவர்கள் உண்டா என்று கேட்டால், மேலே இருப்பவனுக்கு எல்லாம் தெரியும் என்பேன். நான் கீழே இருப்பவன்.

5

அண்ணன் சொன்னார்: "ரெண்டுல ஒண்ணு. சைலன்சர் குழாய் இன்ஜினோட சேர்ற எடத்துல கேஸ்கட் போயிருக்கலாம். அப்படின்னா சூடானதும் இரும்பு விரிஞ்சு ஓட்டையை அடைச்சுக்கும், சத்தம் நின்னுடும். சின்ன வேலை. இன்ஜின் உள்ள பியரிங் தேஞ்சிருந்தா நிக்காது. சூடாக ஆக ஜாஸ்தியாகும்."

"ஜாஸ்தியானா?"

"இன்ஜினை இறக்கணும். இறக்கினா மறுபடி ஏத்த அதுல ஒண்ணும் மிஞ்சாது."

"எப்பத் தெரியும்?"

"சூடு காட்டுற முள்ளு நடுவுக்கு வரட்டும். போனை வச்சுட்டு அப்புறமா கூப்..." நிறுத்தினார். "வைக்காத. ஓடட்டும்."

6

இன்ஜின் சூடாகும் வரை இவர்கள் என்ன பேசுவார்கள்? முதல் வரைவில் பழைய சண்டையைத் தொடரவிட்டேன், காகிதமே கசந்தது. அடுத்ததில் இருவரையும் அழவைத்தேன்; எனக்கு மட்டும் அழுகை வந்தது, படித்துப் பார்த்த என் மனைவிக்குக் கொட்டாவி வந்தது. இது மூன்றாவது, அவள்தான் தொடங்குகிறாள்:

"முழங்காலுக்கு டாக்டரைப் பாத்தியா?"

"முழங்கால்னு யார் சொன்னா?"

"அண்ணிதான்."

"அவ உன்கிட்ட பேசறாளா?"

"தினமும்."

"அடிப்பாவிகளா! ஒரே வீட்ல இருந்துட்டு எனக்குத் தெரியாமலா?"

"நீ ஒர்க்‌ஷாப்புக்குப் போனதும் பேசுவோம். பாதி நேரம் உன்னைப் பத்திதான்."

"நல்லதா சொல்லிருக்க மாட்டா."

"ரொம்பப் பிடிவாதக்காரன்னு சொன்னா. எங்க குடும்பத்துல எல்லாருமே அப்படித்தான் அண்ணின்னு சொன்னேன்."

அண்ணன் சிரித்தார். சிரிப்பை மட்டும் அந்தப் போன் துடைக்கவில்லை.

7

முள் நடுவுக்கு வந்துவிட்டது.

கேஸ்கட் என்றால் அவள் வாங்கியது சரி. பியரிங் என்றால் அண்ணன் சொன்னது சரி. சரியாக இருப்பது சில சமயம் பெரிய பாவம். பக்கத்தில் இருப்பவரை அது தவறாக்கிவிடுகிறது. இந்தச் சில நிமிடங்களாக இருவரில் ஒருவரும் இன்னும் சரி என்று ஆகவில்லை. அதனால்தான் பேச முடிகிறது.

அவள் வேனுக்கு முதுகைக் காட்டி, ஒரு விரிப்பைத் தோளில் போட்டு, போன் இல்லாத காதைக் கையால் பொத்திக்கொண்டு பேசிக்கொண்டிருக்கிறாள். டிரைவர் ஜன்னலோரம் நிற்பவர் கணவர் மட்டுமே. சத்தம் நின்றதா, கூடியதா என்று அவர் காதுக்குத் தெரியும். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லப்போவதில்லை.

"வர்ற வாரம் அண்ணியைக் கூட்டிட்டு வா."

"வந்தா அந்த வண்டியப் பத்தி ஏதாவது சொல்லுவேன்."

"சொல்லு. யார் வேணாங்கறது?"

ஆஸ்பத்திரியில் விரிப்புக்காகக் காத்திருக்கிறார்கள். பியரிங் என்றால் ஓட ஓட இன்ஜினுக்குக் கேடு. கணவர் ஜன்னல் வழியே கையை விட்டுச் சாவியைத் தொடுகிறார். திருப்பினால் வண்டி அமைதியாகிவிடும், அவள் திரும்பிப் பார்ப்பாள், "என்ன ஆச்சு?" என்பாள்.

அவர் உங்களைப் பார்க்கிறார். திருப்பச் சொல்வதானால் சொல்லுங்கள். என்னைக் கேட்டால், அவள் தோளில் இருக்கும் அந்த விரிப்பை மடித்து முடிக்கும் வரை பொறுக்கலாம் என்பேன்.