இடப்பக்கம் உடையும் அலை

சிலருக்குக் கோபம் வந்தால் பாத்திரம் பறக்கும். எனக்குச் சிரிப்பு வரும். வாடிக்கையாளர்களுக்கென்றே பழகி வைத்திருக்கிற அந்தச் சிரிப்பு, கோபம் கூடக்கூட அகலமாகும். மாஸ்டர் எங்கள் பயண அலுவலகத்தின் கண்ணாடிக் கதவைத் தோளால் இடித்துத் திறந்துகொண்டு வந்த அன்று அது காதுவரை போய்விட்டது.

அவனை நான் அதற்கு முன் நேரில் பார்த்ததில்லை. செல்போனில் பார்த்துப் பார்த்து வயிறெரிந்திருக்கிறேன். அலைச்சறுக்கு சொல்லித்தரும் ஆள். ஊரில் போர்டு பிடிக்கிற எல்லாருக்கும் அவன்தான் மாஸ்டர். வெயிலில் வெளுத்த தலைமுடி, எந்நேரமும் யாரோ படமெடுத்துக்கொண்டிருக்கிற மாதிரி ஒரு நிற்பு. எதிரே உட்கார்ந்ததும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, நான் பாதி நிரப்பியிருந்த விசா விண்ணப்பத்தின் மேல் வைத்தான். முகத்துக்கு நேரே அவனை சார் என்றேன். மனதுக்குள் அவனுக்கு அந்த மரியாதை போய் ரொம்ப நாளாகிவிட்டது.

அவனுக்கு ஒரு தீவு வேண்டும். வெதுவெதுப்பான கடல், தென்னை மரங்கள், வெள்ளை மணல். மாணவர்கள் ஒரு கூட்டமாக வருவார்கள், கூடவே படம் பிடிக்க இரண்டு பேர். அந்தப் படத்தைக் காட்டி, அடுத்த வருடம் அங்கேயே சொந்தமாகப் பயிற்சி முகாம் போடுவானாம். எந்தத் தீவு, எந்த மாதம், தீவின் எந்தப் பக்கம் என்பதையெல்லாம் நானே பார்த்துச் சொல்ல வேண்டும். அலையோடு பழகுகிறவன் வரைபடத்தோடு மல்லுக்கட்ட மாட்டானாம். சோம்பேறித்தனத்தை இவ்வளவு அழகாக இதற்கு முன் யாரும் என்னிடம் சொன்னதில்லை.

"அமைதியான இடமா இருக்கணும் மேடம். நம்மள விட்டா இன்னொருத்தர் போர்டு அங்க கண்ணுல படக் கூடாது."

"உங்களுக்குன்னே ஒரு இடம் பாத்துடலாம் சார்," என்றேன். அதை மனப்பூர்வமாகத்தான் சொன்னேன்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரே தங்கை. அவளும் அவனிடம் படித்தவள்தான், அவனுடைய பிள்ளைகளிலேயே கெட்டிக்காரி. இரண்டு வருடத்துக்கு முன் பாறைகள் நிறைந்த ஓர் இடத்துக்கு வகுப்பைக் கூட்டிப் போனான். காலையும் போர்டையும் சேர்த்துக் கட்டியிருக்கிற கயிறு, தண்ணீருக்கடியில் பாறை இடுக்கில் சிக்கிக்கொண்டது. அவள் தலை மேலே வருவதும் அலை வந்து அமுக்குவதுமாக இருந்தபோது, அவன் கூப்பிடு தூரத்தில் போர்டின் மேல் உட்கார்ந்திருந்தான். அப்போது பார்த்து அவனுக்குப் பின்னால் ஒரு நல்ல அலை வந்தது.

அவளை வெளியே இழுத்தது அந்தப் பக்கமாக வந்த ஒரு மீன்பிடிப் படகுக்காரர். முட்டி கிழிந்து, அறுவை சிகிச்சை முடிந்து, ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்தாள். ஆஸ்பத்திரிப் பக்கம் அவன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சொன்ன பேச்சைக் கேட்காத பெண், அவளாகவே போய் மாட்டிக்கொண்டாள் என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்தான். ஊரும் தலையை ஆட்டியது.

தங்கை அதைப்பற்றி என்னிடம் ஒரே ஒரு தடவைதான் பேசினாள்.

"அவர் பாத்தார்க்கா. என் கண்ணப் பாத்தார். அப்புறம் திரும்பி அந்த அலைய எடுத்துட்டுப் போயிட்டார்."

அதோடு சரி. முட்டி ஆறியது. இனி தாராளமாகக் கடலில் இறங்கலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். அவள் இறங்கவில்லை. ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பில் வேலைக்குச் சேர்ந்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தாள். வேலைக்குப் போக வர, கடற்கரைச் சாலையை விட்டு ஊரைச் சுற்றிக்கொண்டு வருவாள். அவளுடைய போர்டு என் கட்டிலுக்கடியில் பழைய போர்வைக்குள் கிடந்தது. அதன் மேல் பழந்துணி மூட்டையையும் ரிப்பேரான இஸ்திரிப் பெட்டியையும் ஏற்றி வைத்திருந்தேன். பெருக்கும்போது துடைப்பம் அதில் இடிக்கிற ஒவ்வொரு முறையும் அவனை வாய் நிறையத் திட்டுவேன். திட்டுவதைத் தவிர என் கையில் வேறு என்ன இருந்தது? இப்போது இருந்தது.

அலைச்சறுக்குக்காரனுக்கு எது தண்டனை? கடல் பொங்கினால் அவனுக்குக் கொண்டாட்டம். ஆகவே கடல் தட்டு மாதிரி கிடக்க வேண்டும். மாணவர்கள் மணலை அள்ளி அள்ளிக் கொட்ட, கேமராக்காரர்கள் கொட்டாவி விட, அவன் போர்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வராத அலைக்குக் காத்திருக்க வேண்டும். பாதியில் கம்பி நீட்டிவிடாதபடி படகு எப்போதாவதுதான் வர வேண்டும். மண்ணைக் கவ்வட்டும். வெள்ளை மணல் வேண்டும் என்று அவன்தானே கேட்டான்?

கிடைத்த நேரமெல்லாம் காற்று வரைபடங்களைக் குடைந்தேன். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு குடைந்தேன். என் சிரத்தையைப் பார்த்து முதலாளியம்மாவுக்கே புல்லரித்துப்போய், எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினார். கடைசியில் ஒரு தீவு அகப்பட்டது. விமானம் கிடையாது, வாரம் ஒரு படகு, மொத்தமும் ஒரே ஒரு விடுதி. வருடத்தின் அந்தச் சமயத்தில் அதன் மேற்குக் கரையில், நிலத்திலிருந்து கடலைப் பார்த்துக் காற்று வீசும்.

அதைப் பார்த்ததும் எனக்கு நானே கைகொடுத்துக்கொண்டேன். சூடான டீயை ஊதினால் ஆடை எந்தப் பக்கம் ஒதுங்குகிறது? ஊதுகிற வாய்க்கு எதிர்ப்பக்கம். அதே கணக்குத்தான். நிலத்துக் காற்று அலையைக் கரை சேர விடாமல் கடலுக்குள்ளேயே துரத்திவிடும். மேற்குக் கரை என்று முடிவு செய்தேன்.

மறுபடி வந்தவனிடம் எல்லாவற்றையும் விரித்துச் சொன்னேன். சந்தேகம் கேட்டால் சொல்லவென்று ஒரு கூடைப் பொய் தயாராக வைத்திருந்தேன். ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. காற்றின் அம்புக்குறிகளைப் பார்த்துவிட்டு மெல்ல விசிலடித்தான்.

"மேற்குப் பக்கமா? விஷயம் தெரிஞ்ச ஆளாத்தான் இருக்கீங்க மேடம்."

தானாக வந்து கழுத்தை நீட்டுகிறானே என்று எனக்கு ஒரே குஷி. விடுதி முழுவதையும் தனக்கே எடுத்துத் தரச் சொன்னான். கடைசி அறையை மட்டும் விடுதிக்காரர் அப்போது உறுதி செய்யவில்லை. பார்க்கலாம் சார் என்று அனுப்பிவைத்தேன்.

நல்ல சேதியை வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாதவள் நான். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் தங்கையிடம் கொட்டிவிட்டேன். வெளியே மழை. அவள் ஹாலில் கொடி கட்டி, மேஜை விசிறியைச் சுழலவிட்டு, ஈரப் படுக்கை விரிப்பைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வாயில் கிளிப்பைக் கடித்தபடி முழுவதையும் கேட்டாள். எந்தக் கரை, எந்த மாதம், காற்று எங்கிருந்து எங்கே போகிறது என்று மட்டும் இரண்டு முறை கேட்டாள். பிறகு கிளிப்பைத் துப்பிவிட்டுச் சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் சிரித்தது. அது நல்ல சிரிப்பாக இல்லை.

"அக்கா, நீ அவனுக்கு சொர்க்கத்துல ரூம் போட்டுக் குடுத்திருக்க."

எனக்குப் புரியவில்லை. விரிப்பைக் கொடியிலிருந்து உருவி, ஒரு முனையை என் கையில் திணித்து, விசிறியைப் பார்த்து உதறச் சொன்னாள். துணியில் எழும்பிய மடிப்பு விசிறியை நோக்கி ஓடியது. எதிர்க்காற்று பட்டதும் தாழாமல், விறைப்பாக நிமிர்ந்து நின்றது.

"காத்து எதிர்ல வந்தா அலை சட்டுனு விழாது. செவுரு மாதிரி நின்னு, அழகா உடையும். பின்னாடியிருந்து வந்தாத்தான் அத கவுத்து நாசமாக்கும். இப்படி ஒரு காத்து கெடைக்காதான்னு எல்லாரும் தவங்கெடப்பாங்கக்கா."

என் முகத்தில் ஈயாடவில்லை. தங்கையைச் சாகவிட்டுப் போனவனுக்கு நானே தேடித் தேடி, சோறு தண்ணி மறந்து, உலகத்திலேயே நல்ல அலையாகப் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். அதற்குப் பாராட்டு வேறு வாங்கியிருக்கிறேன். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. உடனே எல்லாவற்றையும் கிழக்குக் கரைக்கு மாற்றிவிடுகிறேன் என்று போனை எடுத்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இரு. அந்த எடத்தோட படத்தக் காட்டு."

வானத்திலிருந்து எடுத்த படத்தை லேப்டாப்பில் பெரிதாக்கிக் காட்டினேன். பவளப் பாறையின் ஓரமாக நுரை ஒரு வெள்ளைக் கோடாக ஓடியது. அவள் திரையில் மூக்கு இடிக்கக் குனிந்து, அந்தக் கோட்டின் மேல் விரலை ஓட்டினாள். விரிப்பு தரையில் கிடந்தது. இரண்டு பேருமே அதை எடுக்கவில்லை.

"இது இடப்பக்கமா உடையற அலை," என்றாள்.

பிறகுதான் விளக்கினாள். மாஸ்டர் இடது காலை முன்னால் வைத்து நிற்கிறவன். இடப்பக்கம் உடையும் அலையில் அவன் முதுகு அலைக்குத் திரும்பிவிடும். வருகிறது தெரியாமல் தடுமாறுவான். அது அவனுடைய நோஞ்சான் பக்கம். வலப்பக்கம் உடைகிற இடங்களுக்கு மட்டுமே வகுப்பைக் கூட்டிப் போய் இத்தனை வருடமும் அதை மறைத்துவிட்டான். அந்தத் தீவிலும், பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க ஆளில்லை என்றால், யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. அவளோ வலது காலை முன்னால் வைப்பவள். அந்த அலையை முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு வருவாள்.

சொல்லும்போதே அவள் ஹால் நடுவில் நின்றிருந்தாள். முட்டி இரண்டும் மடங்கியிருந்தன, கைகள் விரிந்திருந்தன, வலது கால் முன்னால் இருந்தது. அவளுக்கே அது தெரியவில்லை. இரண்டு வருடத்துக்குப் பிறகு அந்தக் கால்கள் அப்படி நிற்பதைப் பார்த்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"கேமரா வருதுன்னியே?"

"ரெண்டு பேர் வராங்க."

"நல்லது. மிச்சம் இருக்கற அந்த ஒரு ரூம எனக்குப் போடு."

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. நான் தண்ணி காட்ட நினைத்தது அவனுக்கு, இவளை மறுபடி தண்ணீரில் தள்ளுவதற்கு இல்லை. அம்மாவிடம் சொல்வேன் என்றேன், முட்டியை நினைத்துப் பார் என்றேன், கெஞ்சினேன். அவள் கட்டிலுக்கடியில் புகுந்து, மூட்டையைத் தள்ளிவிட்டு, போர்டை இழுத்தாள். தரையில் உட்கார்ந்து ஒரு பழைய பிளாஸ்டிக் அட்டையால் அதன் மேலிருந்த காய்ந்த மெழுகைச் சுரண்ட ஆரம்பித்தாள். கால் வழுக்காமலிருக்கப் பூசுகிற மெழுகு அது. அங்கே வெந்நீர் மாதிரிக் கடல், சாதா மெழுகு உருகிவிடும், கெட்டியானதாக வாங்கி வா என்றாள்.

"சரி, அந்தப் பாறையில அவன் விழுந்தா நீ என்னடி பண்ணுவ?" என்று கேட்டேன்.

அவள் நிமிராமல் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.

மறுநாளிலிருந்து காலையில் கடலுக்குப் போனாள். ஆரம்பத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுவிட்டுத் திரும்பிவிடுவாள். வீட்டுக்கு வந்து வாந்தி எடுப்பாள். அந்த வீணாய்ப்போனவனுக்காகவா இவ்வளவும் என்று கேட்டேன். அவன் முகத்தை நினைத்தால்தான் படுக்கையிலிருந்து எழுந்திருக்கவே முடிகிறது என்றாள். போகப் போக வாந்தி நின்றது. ஈரத் தலையோடு டோக்கன் கொடுக்கப் போனாள். பல் டாக்டர் ஜலதோஷம் பிடிக்கப் போகிறது என்று கடிந்துகொண்டாராம். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த அறையை அவள் பேருக்குப் போட்டேன்.

மாஸ்டர் டிக்கெட் வாங்க வந்த நாளில் தங்கை மதிய இடைவேளைக்கு என் அலுவலகத்துக்கு வந்திருந்தாள். தண்ணீர் கேனுக்குப் பக்கத்து நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவன் அந்தக் காலைத் தாண்டி வந்தான். சாரி என்றான், முகத்தைப் பார்க்கவில்லை. தழும்பு கண்ணுக்குத் தெரிகிற மாதிரிதான் அவள் பேண்ட்டை மடித்துவிட்டிருந்தாள்.

வந்ததும் வராததுமாக அவனுக்குக் கோபம். விடுதிக்காரரோடு பேசினானாம். யாரோ ஒரு ஆள் போர்டோடு வருவதாக அவர் சொன்னாராம்.

"யாரும் இருக்கக் கூடாதுன்னு நான் சொன்னேனா இல்லையா மேடம்? யார் அது? கேன்சல் பண்ணுங்க."

"ஏற்கெனவே உறுதியாயிடுச்சு சார். உங்க பழைய மாணவிதான்," என்று அவன் தோளுக்குப் பின்னால் கையைக் காட்டினேன். "என் தங்கச்சி."

அவன் திரும்பினான். முதலில் தழும்பைப் பார்த்தான். அப்புறம்தான் முகத்தைப் பார்த்தான். எப்போதும் படத்துக்கு நிற்கிற அந்த உடம்பு, சட்டையை மாட்டிய ஹேங்கர் மாதிரி தொங்கிப்போனது. என்னைப் பார்த்தான். மேஜை மேல் கிடந்த டிக்கெட்டுகளைப் பார்த்தான். தேதியை ஊரெல்லாம் அறிவித்தாகிவிட்டது, மாணவர்கள் விடுப்பு எடுத்தாகிவிட்டது, கேமராக்காரர்களும் கிளம்பத் தயார். அவன் பின்வாங்க ஒரு சந்து பொந்துகூட நான் விட்டுவைக்கவில்லை. இந்தத் தொழிலில் எனக்கு அது கைவந்த கலை.

டிக்கெட்டுகளை விட்டுத் தங்கை பக்கம் திரும்பினான்.

"அங்க பாறை மோசம்மா. உனக்கு ஏற்கெனவே... தனியா எறங்கறது நல்லதில்ல."

தங்கை எழுந்து நின்றாள். மடித்த பேண்ட்டைக் குனிந்து நிதானமாக இறக்கிவிட்டாள்.

"தனியா எங்க சார்? நீங்க இருப்பீங்கல்ல. நீங்க விழுந்தா நான் பாப்பேன்."

அவள் குரலில் கோபமே இல்லை. மதிய இடைவேளை முடிகிறது, வரேன்க்கா என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு போனாள்.

நான் டிக்கெட்டுகளை உறையில் போட்டு அவனிடம் நீட்டினேன். ஜன்னலோர இருக்கை வேண்டுமா சார் என்று கேட்டேன். அவன் கை வந்து அதை வாங்க ரொம்ப நேரமாயிற்று. அதுவரை நான் சிரித்துக்கொண்டே காத்திருந்தேன்.