பத்தியம் காத்த ஊர்

என் மகள் பராசக்தி டொக்டருக்குப் படித்த கடைசி வருடம் எங்கள் ஊராரின் இரத்தத்தைச் சோதித்தாள். எண்ணெய் வித்துகளில் இருக்கும் ஸ்டெரோல் இரத்தத்துக் கொழுப்பைக் குறைக்குமாம். கூடவே கண்ணுக்கு வேண்டிய கரோட்டினையும் குறைத்துவிடுமா என்பதுதான் அவள் கேள்வி. ஆய்வு சரிவந்தால் கொழும்பு மாநாட்டில் வாசிக்க அவளையே அனுப்புவதாகப் பேராசிரியர் சொல்லியிருந்தார்.

என் புருஷன் பஞ்சலிங்கத்துக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. புகையிலைத் தோட்டக்காரர் எல்லாரையும் ஆய்வுக்குச் சேர்த்தவரும், சோற்றில் கலக்கும் ஸ்டெரோல் தூளை வீடு வீடாகக் கொடுத்தவரும் அவர்தான். எல்லாரும் வழக்கம்போலச் சாப்பிட வேண்டும் என்று மட்டும் மகள் சொல்லியிருந்தாள்.

முடிவு வந்தது. கொழுப்புக் குறைந்திருந்தது, கரோட்டின் அடியோடு விழுந்திருந்தது. பெரிய கண்டுபிடிப்பு என்று பேராசிரியர் மகிழ்ந்தார். அன்று நான் அகத்தியிலை வறை வைத்து, இவருக்கும் மகளுக்கும் சோறு போட்டேன். இவர் அள்ளி அள்ளிச் சாப்பிட்டார்.

"இப்பதான் வாய்க்கு ருசி. எவ்வளவு நாளாச்சு."

"ஏன் அப்பா, இவ்வளவு நாளும் அகத்தி தின்னேல்லையோ?"

"மருந்து எடுக்கேக்கை ஆராவது அகத்தி தின்னுவினமோ? மருந்தை முறிச்சுப்போடும். பூசணியையும் தொட விடேல்லை. ஊர் முழுக்கப் பத்தியம் காக்க வைச்சனான், பிள்ளை."

மகளின் கை சோற்றிலேயே நின்றது. கரோட்டின் தருகிற சாப்பாட்டையே ஊர் விட்டிருக்கிறது. குற்றத்தைத் தூளின் தலையில் மட்டும் போட முடியாது. வெண்ணெய் திரளும்போது தாழி உடைவது இதுதான். நானும் அகத்தி சமைக்காமல் இருந்தவள்தானே.

இவர் முகம் கறுத்துப் போனது. "உது ஒருத்தருக்கும் தெரியாது. பேசாமல் விடு, பிள்ளை."

"எனக்குத் தெரியுமே, அப்பா."

அடுத்த நாளே போய்ப் பேராசிரியரிடம் சொன்னாள். கொழும்புக்கு வேறொரு பெடியன் போனான். இவள் திரும்ப ஊருக்கு வந்து, அகத்தியும் பூசணியும் தாராளமாகத் தின்னச் சொல்லி, முதலிலிருந்து சோதித்தாள். கொழுப்புக் குறைந்தது, கரோட்டின் கொஞ்சம்தான் இறங்கியது.

அதை யாழ்ப்பாணத்திலே ஒரு சின்ன மண்டபத்தில் வாசித்தாள். நாங்களும் போயிருந்தோம். "முதல் ஆய்வு பிழையாகிவிட்டது. பத்தியம் என்றொரு வழக்கம் இருப்பதை நான் யோசிக்கவில்லை. பிழை என்னுடையது" என்றுதான் தொடங்கினாள். அப்பாவின் பெயரை எடுக்கவேயில்லை. இவர் சால்வையால் முகத்தைத் துடைத்தார். பெற்ற வயிறு குளிர்ந்து போனது எனக்கு.

போன கிழமை கூட்டுறவுச் சங்கக்கடையில் எங்கள் ஊர் முத்துக்குமாரு தன் மகன் லண்டனுக்குப் போனதை எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். இவர் பொறுமையாகக் கேட்டு முடித்தார்.

"என்ரை பிள்ளை கொழும்புக்கே போகேல்லை, தெரியுமோ?" என்றார், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.