பட்டி பார்த்த குழாய்

நாற்பது வருடம் பெயிண்டராக இருந்தவன் நான். சுவரில் விரிசலா, பட்டி பார். கதவில் ஓட்டையா, பட்டி பார். எதையும் புதுசாக்கிவிடுவேன் என்று ஒரு திமிர். அந்தத் திமிரில்தான் எங்கள் வீட்டு பேஸ்மென்டில் கழிவுநீர்க் குழாய் கசிந்தபோதும் பிளம்பரைக் கூப்பிடவில்லை.

பழைய வார்ப்பிரும்புக் குழாய். மேலே குளித்தால், துவைத்தால், அத்தனை தண்ணீரும் அதில்தான் இறங்கும். நெடுக்க மயிரிழை போல ஒரு வெடிப்பு.

"பிளம்பரை வரச் சொல்லவாப்பா?" என்று மகன் கேட்டான்.

"இதுக்குப் போயி ஒரு ஆளா? நான் எதுக்குடா இருக்கேன்?"

துருவைச் சுரண்டி, பட்டி வைத்து, உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடித்து, மேலே இரண்டு கோட் இளம்பச்சை. அந்த அறையில்தான் மருமகள் தையல் மெஷின் போட்டிருந்தாள். மிஞ்சிய பெயிண்டை அவள் மேசைக்கும் அடித்துக் கொடுத்தேன். "ஜோரா இருக்கு மாமா" என்றாள்.

மூன்றாம் மாதம் அறை நாறத் தொடங்கியது. குழாயின் முன்பக்கம் காய்ந்துதான் இருந்தது. பின்பக்கம், சுவரை ஒட்டி விரலை விட்டுப் பார்த்தேன். ஈரம். விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு மேலே வந்துவிட்டேன். அன்று சாப்பிடும்போது மகன், "கீழ என்னப்பா நாத்தம்?" என்று கேட்டதும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஊரார் துணியையெல்லாம் மூட்டை கட்டி வச்சா வேற எப்படி இருக்கும்? கொஞ்சமாவது சுத்தம் வேணாமா?"

மகனும் மருமகளைக் கடிந்துகொண்டான். மறுநாளிலிருந்து, தைக்க வந்த துணியையெல்லாம் துவைத்துக் காயவைத்த பிறகே மெஷினில் உட்கார்ந்தாள். பேச்சுக்கு நடுவே சட்டைக் கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்க்கும் பழக்கமும் ஒட்டிக்கொண்டது. பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கூசியது. கூசி என்ன, வாயைத் திறந்தேனா?

ஒரு நாள் காலை, மகன் வேலைக்குப் போன பிறகு, "தரையெல்லாம் தண்ணி மாமா. ஒருத்தர வரச் சொல்லியிருக்கேன்" என்றாள்.

வந்த பிளம்பர் துணி அலமாரியை நகர்த்தினார். குழாய்க்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் டப்பா, விளிம்புவரை கருப்புத் தண்ணீர்.

"இது எத்தனை நாளா இருக்கு?"

"நாலஞ்சு மாசமா. முன்னெல்லாம் ராத்திரி ஒரு தடவை வெளிய கொட்டினா போதும்" என்றாள், என்னைப் பார்க்காமல்.

பிளம்பர் சின்னச் சுத்தியலால் குழாயை மேலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். டங், டங் என்று வந்த சத்தம் ஓரிடத்தில் தொப்பென்றது. அங்கே உளியை வைத்து ஒரு தட்டு. என் பட்டி பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. மயிரிழையாக இருந்த வெடிப்பில் இப்போது சுண்டுவிரல் போகும்.

"பெயிண்ட் வேலை பிரமாதம். எந்தப் புண்ணியவான் செஞ்சது?"

நான் படிக்கட்டைப் பார்த்தேன்.

"வீடு வாங்கும்போதே அப்படித்தாங்க இருந்துச்சு" என்றாள் மருமகள்.

அவள் கை ஊன்றியிருந்த மேசையும் இளம்பச்சை, தரையில் கிடந்த பாளமும் இளம்பச்சை. பிளம்பர் இரண்டையும் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான்தான் என்று சொல்ல இரண்டு வினாடி போதும். நான் குனிந்து பாளங்களைப் பொறுக்கினேன்.

மேல்குழாய் இறங்கிவிடாமல் தாங்கல் கொடுத்து, வெடித்த பாகத்தை அறுத்தெடுத்தார். அந்த நீளத்துக்கு பிளாஸ்டிக் குழாயை வைத்து, இரு முனையிலும் ரப்பர் உறை மாட்டி, கிளாம்ப்பை முறுக்கினார். நான் மேலே போய் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினேன்.

"சொட்டல மாமா" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

இரவு சாப்பிட உட்கார்ந்ததும் மகன் மூக்கை உறிஞ்சினான். "நாத்தமே இல்லையே. துணியெல்லாம் ஒழிச்சிட்டியா? அப்பா சொன்னப்பவே செஞ்சிருக்கலாம்ல?"

அவள் தலையாட்டினாள். கை தானாகச் சட்டைக் கையை மூக்குக்குக் கொண்டுபோனது.

பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டேன். "துணி நாறலடா. நான் பட்டி பார்த்த குழாய்தான் நாறுச்சு. எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சும் இவ தலைல போட்டேன்."

தட்டைப் பார்த்துத்தான் சொன்னேன். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லும் தைரியம் அப்போதும் வரவில்லை.

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். இத்தனை மாதமாக அழாதவள், எங்களுக்குக் கேட்கக்கூடாதென்று குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். தண்ணீர் நெடுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.