உங்க இஷ்டம்தான்

கோட்டைக்குப் போவதா, ஓவியக் கூடத்துக்குப் போவதா என்று சம்பந்தியம்மா கேட்டபோது, என் வாய் தானாக "உங்க இஷ்டம்தான்" என்றது. முப்பது வருடமாக ஊரார் துணியைத் தைக்கிறேன், இந்த வாயைத் தைக்க எனக்குத் தெரியவில்லை.

மகளைப் பார்க்க வந்த இடத்தில் எனக்கு மிஞ்சியது ஒரே நாள். மறுநாள் காலையில் ரயில். இந்த ஊர் ஓவியக் கூடத்தில் நீலப் பட்டுக் கவுன் போட்ட ஒரு பெண்ணின் படம் இருக்கிறது. காலண்டரில் வந்த அந்தப் படத்தைக் கிழித்துத் தையல் மிஷினுக்கு மேலே ஏழு வருடமாக ஒட்டி வைத்திருக்கிறேன். கவுனின் கையில் பட்டு மடிந்து மின்னுவதை வெறும் சாயத்தில் வரைந்தவன் எப்படிக் கொண்டுவந்தான் என்று நேரில் பார்த்துவிட வேண்டும். இந்த ஊரில் எனக்கு வேறு ஆசை இல்லை.

ஆனால் சம்பந்தியம்மா சரித்திரப் பாடம் எடுத்து ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை. அவருக்குக் கோட்டைதானே பிடிக்கும்? போதாக்குறைக்கு, வேலைக்குக் கிளம்பும் முன் மகள் என்னை அடுப்படிக்குத் தள்ளிக்கொண்டு போய், மாமியார் சொல்வதற்கெல்லாம் தலையாட்டும்படி கெஞ்சியிருந்தாள்.

சம்பந்தியம்மாவும் என் இஷ்டம்தான் என்றார். கோட்டைக்கே போகலாம் என்று நான் பெரிய மனசு பண்ணிச் சொன்னேன். அவர் முகம் தொங்கியதை மூட்டு வலி என்று நினைத்துக்கொண்டேன்.

கோட்டையைக் கட்டியவன் பல்லக்கில்தான் போயிருப்பான். ஒவ்வொரு படியும் முழங்கால் உயரம். இருவரும் மாறி மாறிச் சுவரைப் புகழ்ந்துகொண்டே ஏறினோம். உச்சியில், ஆசிரியைக்குச் சந்தோஷமாக இருக்கட்டுமே என்று பீரங்கியைப் பற்றி ஒரு சந்தேகம் கேட்டேன். சம்பந்தியம்மா பொத்தென்று தரையில் உட்கார்ந்தார்.

"முப்பத்தி நாலு வருஷம் பிள்ளைங்கள கோட்டை கோட்டையா கூட்டிட்டுப் போயிருக்கேன். ஒண்ணு ரெண்டுன்னு தலை எண்ணியே என் தொண்டை போச்சு. நீங்க ஆசைப்பட்டீங்களேன்னுதான் வந்தேன்."

"நான் எங்க ஆசைப்பட்டேன்? உங்களுக்காகத்தான் ஏறினேன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. மனதில் இருப்பதைச் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டேன். அதையே அவர் என்னைத் திருப்பிக் கேட்டார். மருமகன் அவரிடமும் காலையில் அதே பாடத்தை ஓதியிருந்தது இந்தச் சண்டையில்தான் வெளியே வந்தது. அவருக்கும் ஓவியக் கூடம்தான் வேண்டுமாம். அமைதியான இடம், உட்கார பெஞ்ச், யாரையும் எண்ண வேண்டாம். பக்கத்தில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்த தம்பதி நைசாக நகர்ந்தார்கள். நானும் தரையில் உட்கார்ந்து நீலப் பட்டைப் பற்றிச் சொன்னேன். பாதியிலேயே அழுகை வந்துவிட்டது.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எந்திரிங்க. அஞ்சு மணிக்கு மூடிடுவாங்க."

ஏற ஒன்றரை மணி நேரம் எடுத்த படிகளை இருபது நிமிடத்தில் இறங்கினோம். ஓவியக் கூடத்தில், அந்தப் படம் இருந்த மாடிக்கு இனி யாரையும் விடுவதில்லை என்று காவலாளி சொன்னார். சம்பந்தியம்மா கண்ணாடிக்கு மேலாக அவரை ஒரு பார்வை பார்த்தார். அந்த மனிதர் வீட்டுப்பாடம் எழுதாதவர் போல வழிவிட்டார்.

கிட்டே போய்ப் பார்த்தால் கவுனின் கையில் பட்டே இல்லை. கோணல்மாணலாக வெள்ளைச் சாயத்தில் நாலு இழுப்பு. ஏமாற்றிவிட்டானே என்று வயிறு எரிந்தது. இரண்டு அடி பின்னால் வந்தேன், பட்டு மின்னியது. முன்னால் போனேன், சாயம். பின்னால் வந்தேன், பட்டு. படுபாவி, அளவே எடுக்காமல் தைத்திருக்கிறான். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

நேரமாகிவிட்டது என்று காவலாளி இரண்டு தடவை சொன்னது காதில் விழுந்தது. இரண்டு தடவையும், "இருப்பா, பாத்துக்கிட்டிருக்காங்க," என்று சம்பந்தியம்மா அடக்கினார்.

திரும்பும் பஸ்ஸில், அவருக்கு எந்தப் படம் பிடித்தது என்று கேட்டேன்.

"நான் எங்க படத்தப் பாத்தேன்? அந்தக் காவக்காரர் உள்ள வந்து உங்கள விரட்டிடக் கூடாதுன்னு வாசல்லயே நின்னுட்டேன்."

நான் போனை எடுத்து, நாளைக்கு ரயிலுக்குப் போகவில்லை என்று மகளிடம் சொன்னேன்.