சேவூருக்கு வந்த இத்தாலிக் கடிதம்

1979 பிப்ரவரியில் சேவூர் துரைக்கண்ணுவுக்கு இத்தாலியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்தான். என் பெயர் சம்பந்தம், ஆரணி தபாலாபீசில் சேவூர் பக்கம் என்னுடைய லைன். உறையில் தெருவும் இல்லை, கதவு எண்ணும் இல்லை. ‘துரைக்கண்ணு, பழைய சிப்பாய், சேவூர், ஆரணி’ என்று ஆங்கில எழுத்தில் இருந்தது, அவ்வளவுதான். சேவூரில் துரைக்கண்ணு மூன்று பேர். பட்டாளத்துக்குப் போய் வந்தவர் ஒருவர்தான். பஞ்சாயத்து யூனியனில் கைபம்பு ரிப்பேர் பார்ப்பவர், ஐம்பத்தெட்டு வயசு, அதிகம் பேசாத ஆள்.

வயல் ஓரத்துப் பம்பில் குழாயை மேலே இழுத்துக்கொண்டிருந்தார். கையைக் கழுவி வேட்டியில் துடைத்துவிட்டு உறையை வாங்கினார். பின்பக்கத்துப் பெயரை எழுத்துக்கூட்டினார். “அசுந்தா.” அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

“உயிரோட கீறாங்களா,” என்றார். என்னிடம் கேட்ட மாதிரி இல்லை.

பிரித்தால் உள்ளே முழுக்க இத்தாலிய மொழி. பேசினால் புரியும், படிக்கத் தெரியாது என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பத்து வருஷப் பழக்கத்தில் இத்தாலி என்ற சொல்லே அவர் வாயிலிருந்து வந்ததில்லை.

“மாதா கோயில் பெரிய சாமி இத்தாலிக்காரர்தானே. அவராண்ட போலாம், வாங்கண்ணே,” என்றேன். பையில் கொடுக்காத தபால் இன்னும் கிடந்தது. கிடக்கட்டும் என்று அவரைக் கேரியரில் ஏற்றிக்கொண்டு மிதித்தேன். ஏழு மைல். அந்த ஏழு மைலில்தான் முப்பத்தைந்து வருஷமாகப் பேசாததைப் பேசினார்.

“நாப்பத்திரண்டுல பாலைவனத்துல எங்க கம்பெனியே மாட்டிக்கிச்சி. இத்தாலிக்கு இட்டுகினு போயி கேம்ப்ல போட்டாங்க. அடுத்த வருஷம் முசோலினிய எறக்கிட்டாங்க. கொஞ்ச நாள்ல காவக்காரனுங்க துப்பாக்கியப் போட்டுட்டு ஓடிட்டானுங்க. கேட்டு தொறந்து கெடந்துச்சி. நடந்துட்டேன்.”

நடந்து ஏறியது ஒரு மலைக் கிராமம். தோமேனிக்கோ என்ற விவசாயி அவரை மக்காச்சோளக் கதிர் போடும் பரணில் நாலு மாசம் ஒளித்து வைத்தார். வீட்டில் அவர் மனைவி, ஒன்பது வயசு மகள் அசுந்தா. அதற்குள் ஜெர்மன் பட்டாளம் வந்துவிட்டது. முசோலினியின் கருப்புச் சட்டைக்காரர்களும் கூடவே திரும்பி வந்தார்கள். தப்பிய கைதிக்குச் சோறு போட்டால் சுடுவோம் என்று சுவருக்குச் சுவர் நோட்டீஸ்.

“கருப்புச் சட்டைன்னா நம்ம ஊரு கருப்புச் சட்டை இல்ல சம்பந்தம். அது வேற. இவனுங்க தடி வச்சிகினு திரிவானுங்க.”

ஒரு காலையில் தோமேனிக்கோவைத் தெருவில் நிறுத்தி அடித்தார்கள். எங்கே அந்த இந்தியாக்காரன் என்று கேட்டுக் கேட்டு அடித்தார்கள். துரைக்கண்ணு பரண் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பல் உடைந்தும் மனிதர் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் விடியும்போது துரைக்கண்ணு யாரிடமும் சொல்லாமல் இறங்கிப் போய்விட்டார். கொட்டுகிற பனியில் பத்தொன்பது நாள் நடந்து பிரிட்டிஷ் பட்டாளத்தோடு சேர்ந்தார்.

“எனக்குப் பின்னால அவங்கள சுட்டிருப்பானுங்கன்னே நெனச்சிகினு இருந்தேன். கடுதாசி போட பயம். பதில் வரலன்னா இன்னா பண்றது?”

நான் வேகமாக மிதித்தேன்.

பெரிய சாமி ரினால்டிக்கும் துரைக்கண்ணு வயசுதான் இருக்கும். முப்பது வருஷமாக இங்கே இருப்பவர், எங்களைப் போலவே பேசுவார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னார்.

“‘அப்பா போன அக்டோபரில் காலமானார். எண்பத்தோரு வயது.’”

“எத்தினி?”

“எண்பத்தொண்ணு. படுக்கைலதான் போயிருக்காரு.”

துரைக்கண்ணு துண்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. சாமி தொடர்ந்தார். “‘நீங்கள் போன அன்று மத்தியானமே அவர்கள் வந்து பரணைக் கலைத்துப் பார்த்தார்கள். ஆள் இல்லாததால் எங்களை விட்டுவிட்டார்கள். அப்பா உங்கள் ஊர்ப் பெயரை பீரோக் கதவின் உள்பக்கம் எழுதி வைத்திருந்தார். மார்ச் பதினெட்டாம் தேதி அங்கே வருகிறேன். அப்பாவை உங்களுக்கு முழுதாகத் தெரியாது. நான் பிறப்பதற்கு முன்பே, முசோலினி கட்சி அட்டை வாங்க மாட்டேன் என்றதற்காக அவரைப் பிடித்துக் கட்டி விளக்கெண்ணெயை லிட்டர் கணக்கில் வாயில் ஊற்றி...’”

சாமி நிறுத்திவிட்டார். காகிதத்தை மேஜை மேல் வைத்தார்.

“எங்க ஊர்ல அப்படி ஊத்துனவங்கள்ல எங்கப்பாவும் ஒருத்தர்,” என்றார். “வீட்டுக் கொட்டகைல எண்ணெ டின் அடுக்கி இருக்கும். எட்டு வயசுல எனக்கும் கருப்புச் சட்டை தச்சிக் குடுத்தாங்க. மரத் துப்பாக்கி தூக்கிகினு ஊர்வலம் போனேன். யாரும் அடிச்சி அனுப்பல துரைக்கண்ணு. சந்தோஷமாப் போனேன்.”

துரைக்கண்ணு காகிதத்தை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினார்.

“மிச்சத்தப் படிங்க சாமி,” என்றார். சாமி படித்து முடித்ததும், “அவங்க வர்றப்ப நீங்க இருக்கணும். என் பாஷ துருப்புடிச்சிப் போச்சி,” என்றார்.

“நான் வந்தா சரியா இருக்காது.”

“வரணும்.”

சேவூர் பரபரத்தது. துரைக்கண்ணுவின் மனைவி கன்னியம்மா வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தாள். “இன்னாய்யா, பெத்த புள்ள மாதிரி நாலு மாசம் வச்சிருந்திருக்காங்க. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே,” என்று அடிக்கிற ஒவ்வொரு மட்டை இழுப்புக்கும் ஒரு தடவை கேட்டாள். பதினெட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு மணியிலிருந்து தெருவே ரோட்டில் நின்றது. பத்து ஆனது, பதினொன்று ஆனது. துரைக்கண்ணு டவுன் பஸ் வரும்போதெல்லாம் எழுந்து எழுந்து உட்கார்ந்தார். சாமி ஓரமாக வேப்ப மரத்தடியில் நின்றிருந்தார். பன்னிரண்டு மணிக்கு மெட்ராஸ் டாக்சி ஒன்று புழுதியோடு வந்து நின்றது.

இறங்கியவளுக்கு நாற்பத்தைந்து வயசு இருக்கும். கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள். யாரும் காட்டாமலே நேராக வந்து துரைக்கண்ணுவின் இரண்டு தோளையும் பிடித்தாள்.

“கண்ணோ,” என்றாள். அந்த வீட்டில் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்களாம்.

பிறகு பேச்சைக் கொட்டினாள் பாருங்கள். நான் சாமியைப் பார்த்தேன். அவர் முழித்தார்.

“எனக்கே புரியல சம்பந்தம். இது மலை ஜனங்க பேச்சு. நான் வடக்கத்தி ஆளு.”

துரைக்கண்ணுவோ அவளுக்குச் சமமாகப் பேசினார். துருவெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. கடைசியில் அவர்தான் சாமிக்கே மொழிபெயர்த்தார்.

“சொல்லாம ஏன் போனேன்னு கேக்குது. அவங்கம்மா சாகற வரைக்கும் திட்டிகினே இருந்தாங்களாம், வெறும் வயித்தோட போயிட்டான்னு.”

உள்ளே பாயில் உட்கார்ந்ததும் மெதுவாகப் பேசினாள், துரைக்கண்ணு தமிழில் சொல்லச் சொல்ல நாங்கள் கேட்டோம். பள்ளிக்கூடத்தில் தினமும் கையை நீட்டி முசோலினி படத்துக்கு வணக்கம் வைக்க வேண்டும். ஒரு நாள் டீச்சர் மிட்டாய் கொடுத்து, உங்கள் வீட்டில் புதிதாக யார் சாப்பிடுகிறார்கள் என்று கேட்டாளாம். “ஆட்டுக்குட்டி,” என்றாளாம் இவள். மிட்டாயையும் தின்றுவிட்டாளாம். கன்னியம்மா அவள் கன்னத்தைத் தடவித் திருஷ்டி கழித்தாள்.

“எமர்ஜென்சில நாங்களும் ரெண்டு வருஷம் வாயப் பொத்திகினு இருந்தோம்,” என்றேன்.

துரைக்கண்ணு அதை அவளுக்குச் சொன்னதும், அவள் இரண்டு கையையும் இரண்டு தடவை விரித்துக் காட்டினாள். இருபது வருஷம்.

“அடிச்சவனுங்க இன்னா ஆனானுங்க? கேளுய்யா,” என்றாள் கன்னியம்மா.

துரைக்கண்ணு கேட்டார். அவள் சொன்னதைத் தமிழில் சொன்னார். “ரெண்டு பேரு ஓடிட்டானுங்களாம். ஒருத்தன் அந்த ஊர்லயே மளிகைக் கட வச்சிருக்கானாம். இவங்க அவங்கிட்டதான் உப்பு வாங்குறாங்களாம். வேற கடயில்லையாம்.”

வாசலில் நின்றிருந்த சாமி அப்போதுதான் உள்ளே வந்தார். நின்றபடியே இத்தாலிய மொழியில் பேசினார். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை, ஆனால் என்ன சொல்கிறார் என்று தெரிந்தது. அசுந்தாவின் முகம் இறுகியது. ஏதோ ஒன்று கேட்டாள். சாமி இல்லை என்று தலையை ஆட்டினார். இன்னொன்று கேட்டாள். அதற்கு மட்டும் நீளமாகப் பதில் சொன்னார்.

அப்புறம் துரைக்கண்ணு சொன்னார், அவள் கேட்டது என்னவென்று. “உங்கப்பா வருத்தப்பட்டாரான்னு கேட்டுது. இல்லன்னாரு. நீங்களான்னு கேட்டுது.”

அவள் சாமிக்குக் கை கொடுக்கவில்லை. பாயில் நகர்ந்து இடம் விட்டாள். அவர் உட்கார்ந்தார். கன்னியம்மா இரண்டு பேருக்கும் இலை போட்டாள்.

நாலு மணிக்கு டாக்சி டிரைவர் ஹாரன் அடித்தான். வேலூரில் ஓட்டல் ரூம் சொல்லி வைத்திருக்கிறதாம், ஜல்தி கிளம்பணுமாம். அசுந்தா வெளியே போனாள். போய்விட்டாள் என்றுதான் நினைத்தோம். டிக்கியைத் திறக்கச் சொல்லிப் பெட்டியை இறக்கிக்கொண்டு, டிரைவரைப் போகச் சொல்லிவிட்டாள்.

“ஐயோ, கட்டில் இல்லியே,” என்று கன்னியம்மா தெருவில் ஓடினாள். தறிக்கார ஜெயவேல் வீட்டிலிருந்து இரண்டு பேர் கயிற்றுக் கட்டிலைத் தலைமேல் தூக்கிக்கொண்டு வர, நான் பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.