வால் தெரியாத எழுத்து

ரவ்ஷானுக்கு நேராகப் பார்த்தால் எதுவும் தெரியாது. பார்வையின் நடுவில் எப்போதும் ஒரு சாம்பல் திட்டு; ஓரங்களில்தான் உலகம். தலையைச் சற்றே சாய்த்து, கறுப்புத் திரையில் விரல் பருமன் மஞ்சள் எழுத்துகளை ஓரக்கண்ணால் பிடித்துப் படிப்பாள். கசாக்ஸ்தானின் கரகாண்டி நகர மருத்துவமனைகளுக்கு ருஷ்ய மொழியிலிருந்து கசாக் மொழிக்கு மொழிபெயர்ப்பது அவள் தொழில்.

பழைய கணினி அடிக்கடி உறைந்து நின்றது. கணவன் மார்லென் புதியதை வாங்கிவந்தான். அதன் இயங்குதளமே வேறு.

"ஒரு வாரம் பழகினா சரியாயிடும்," என்றான்.

அந்த வாரம் அவள் ஓரிடத்தில் உட்காரவில்லை. எழுத்தைப் பெரிதாக்கினால் திரை முழுவதும் படகுபோல் ஆடியது. பழகிய விரல்கள் பழைய விசைகளை அழுத்த, கேட்காததெல்லாம் திறந்தது. படித்துக்காட்டும் குரலுக்கு ருஷ்யம் மட்டுமே தெரியும். கசாக்கை மென்று துப்பியது. எழுந்து தேநீர் வைப்பாள், பால் ஊற்ற மறந்து திரும்புவாள், மறுபடி எழுவாள்.

"என்னடி, குட்டி போட்ட பூனை மாதிரி சுத்தறே?"

"மவுஸ் அம்பு எங்க போச்சுன்னு தெரியல. நீ தேடிக் குடு, உக்காந்துக்கறேன்."

அப்படியே ஒரு வேலையை முடித்து அனுப்பினாள். பக்கவாதம் வந்தவர்களுக்கான உடற்பயிற்சிக் குறிப்பு. மறுநாள் சிகிச்சை மையத்திலிருந்து தலைமைச் செவிலி கலியா அழைத்தாள்.

"ரவ்ஷான் அக்கா, 'பத்துக் கையைத் தூக்குங்க'ன்னு எழுதியிருக்கீங்களே! இங்க ஒரு தாத்தா பக்கத்துக் கட்டில்காரர்கிட்ட கை இரவல் கேக்கறாரு!"

கசாக்கில் 'வலது' என்ற சொல்லுக்கும் 'பத்து' என்ற சொல்லுக்கும் ஓரெழுத்துதான் வித்தியாசம். வலதின் கடைசி எழுத்தில் கீழே சின்னதாக ஒரு வால் உண்டு. அவள் அடித்ததில் வால் இல்லை. கண்ணுக்கும் தெரியவில்லை, ருஷ்யக் குரல் இரண்டையும் ஒன்றாகவே வாசித்திருக்கிறது.

கலியா சிரித்துக்கொண்டிருக்கும்போதே ரவ்ஷான் போனை வைத்துவிட்டு மார்லெனிடம் திரும்பினாள்.

"பழைய கம்ப்யூட்டர் எங்க?"

"என் தங்கச்சிக்குக் குடுத்துட்டேன். உள்ள இருந்ததெல்லாம் அழிச்சாச்சு," என்றான் மார்லென்.

"யாரைக் கேட்டு?"

"நீதான் புதுசுக்கு மாறிட்டியே."

"நான் எங்க மாறினேன்? நீ மாத்தினே!"

மேலங்கியை மாட்டிக்கொண்டு வெளியேறினாள். குடியிருப்பைச் சுற்றி, பனி மிதிபட்டு இறுகிய பாதையில், முகம் மரத்துப்போகும்வரை நடந்தாள். அங்கேயே நின்று கலியாவை அழைத்தாள்.

"அந்த வால் எனக்குத் தெரியல, கலியா. என் கண்ணு அப்படி."

வேலை தருகிற யாரிடமும் அவள் இதைச் சொன்னதில்லை.

"ஏன்க்கா முன்னாடியே சொல்லல?"

"சொல்லியிருந்தா வேலை குடுத்திருப்பியா?"

"தெரியல." கலியா பொய் சொல்லவில்லை. "ஆனா இப்ப விடமாட்டேன். இனி எது அச்சுக்குப் போனாலும் முன்னாடி நான் போன்ல வாசிக்கறேன், நீங்க கேளுங்க."

அந்த உடற்பயிற்சிக் குறிப்பை அன்றே வாசித்தாள். இன்னும் மூன்று பிழைகள் கிடைத்தன. அதன்பின் ரவ்ஷான் தடித்த எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தாள், பின்னணியைக் கறுப்பாக்கினாள், தேடித் தேடிக் கடைசியில் ஒரு கசாக் குரலையும் கண்டுபிடித்தாள். ரயிலைப் பிடிக்க ஓடுகிறவன்போல் அது வாசித்தது. என்றாலும் வால்களை விழுங்கவில்லை.

மற்ற மருத்துவமனைகளுக்குத் தன் கண்ணைப் பற்றி அவள் இன்னும் சொல்லவில்லை. ஒவ்வொரு முறை தொலைபேசி ஒலிக்கும்போதும், எடுப்பதற்கு முன் அறையை ஒரு சுற்று சுற்றிவருகிறாள்.